விளம்பரக் கட்டுரையைக் கட்டுரைத் தளங்கள் ஏற்கும்படி எழுதுவது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரி தொழில்முனைவோருக்கான வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துபவரும், பர்கூரில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்பவரும், ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்ப்பவரும், பென்னாகரத்தில் கேழ்வரகு மாவு அரைத்து விற்பவரும் தங்கள் தொழிலைப் பற்றி இணையத்தில் ஒரு கட்டுரை வெளிவர வேண்டும் என்று விரும்புவது இயல்பு. பத்திரிகை விளம்பரத்துக்கு ஆகும் செலவு இதற்கு ஆவதில்லை. வெளியூரில் இருக்கும் வாடிக்கையாளர் ஏதோ ஒன்றைத் தேடும்போது நம் பெயர் அவர் கண்ணில் படுகிறது. இத்தகைய கட்டுரைகளைப் பெற்று, துறைவாரியாகப் பிரித்து வெளியிடுவதற்கென்றே ஆர்ட்டிகிள் டைரக்டரி எனப்படும் கட்டுரைத் தளங்கள் இயங்குகின்றன. கணக்குத் தொடங்கிக் கட்டுரையை அனுப்பினால், ஆசிரியர் குழு அதைப் பார்த்து, ஏற்கத்தக்கதாக இருந்தால் உரிய பிரிவில் வெளியிடும்; கட்டுரையின் அடியில் எழுதியவரைப் பற்றிய சிறு குறிப்பும் அவருடைய இணையதள முகவரியும் இடம்பெறும்.

அனுப்புவது எளிது என்பதால் ஏற்கப்படுவதும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. நம் பகுதியிலிருந்து போகும் கட்டுரைகள் திரும்பி வருவதற்கு நான் கண்டவரை மொழிப்பிழை முதன்மையான காரணமாக இருப்பதில்லை. கடைத்தெருவில் கொடுக்கும் நோட்டீஸை நீட்டி எழுதிக் கட்டுரை என்று அனுப்புவதே காரணம். ஆகவே அனுப்புமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரையிலிருந்து உங்கள் நிறுவனத்தின் பெயர், தொலைபேசி எண், ‘எங்கள்’, ‘நாங்கள்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் அனைத்தையும் அடித்துவிட்டு, எஞ்சியதைப் படித்துப் பாருங்கள். உங்களிடம் எதையும் வாங்காமலே போகப்போகிற ஒருவருக்கு அந்த எச்சம் பயன்படுமானால், கட்டுரை ஏற்கப்படும் வாய்ப்பு நிறைய உண்டு. எஞ்சுவது ஒன்றுமில்லை என்றால் எந்தத் தளத்துக்கும் அதை அனுப்ப வேண்டாம். கீழே வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் இந்த ஒரு சோதனையில் தேறுவதற்கான வழிகளே.

ஆசிரியர் குழுவின் கண்டிப்பு எங்கிருந்து வந்தது?

1999-இல் தொடங்கிய ஈசைன்ஆர்ட்டிகிள்ஸ் போன்ற தளங்கள் அடுத்த பத்தாண்டுகளில் பெரும் வளர்ச்சி கண்டன. ஒரு பக்கத்தை மதிப்பிடும்போது அதற்கு வேறு பக்கங்களிலிருந்து வரும் இணைப்புகளையும் கூகுள் கணக்கில் எடுத்ததால், இணைப்புக்காகவே கட்டுரை எழுதும் வழக்கம் உலகெங்கும் பரவியது. ஒரே கட்டுரையில் நாலு சொல்லை மாற்றிப் பல தளங்களுக்கு அனுப்பினார்கள். அந்த வேலையைச் செய்து கொடுக்கும் மென்பொருள்களும் விற்பனைக்கு வந்தன. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையில் ‘பாண்டா’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, சாரமற்ற கட்டுரைகள் குவிந்து கிடந்த தளங்களைத் தேடல் முடிவுகளில் பின்னுக்குத் தள்ளியது. பெரிய கட்டுரைத் தளங்களும் அந்த அடியிலிருந்து தப்பவில்லை. 2012 ஏப்ரலில் வந்த ‘பென்குயின்’, செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளைக் குறிவைத்தது. அதன்பின் பல தளங்கள் மூடப்பட்டன. தாக்குப்பிடித்தவற்றில் நல்லவை வாசலை இறுக்கிக்கொண்டன. 2024 மார்ச்சில், தேடலில் முன்னேறுவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் உள்ளடக்கத்தை, அதை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், கூகுள் தன் ஸ்பேம் (தேடலை ஏமாற்றும் குப்பை) கொள்கைக்குள் கொண்டுவந்ததால், செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்புகிறார்களோ என்ற ஐயமும் இப்போது ஆசிரியர்களுக்குச் சேர்ந்துகொண்டது.

மண்டிக்கு வரும் மாங்காய்க் கூடையை மேலே தெரியும் நாலு காயைப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. கொட்டிப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஆசிரியரும் தலைப்பையும் முதல் பத்தியையும் பார்த்த கையோடு, நடுவில் ஒரு பத்தியையும் கடைசிப் பத்தியையும் எடுத்துப் பார்க்கிறார். மேலே மட்டும் அழகாக அடுக்கிய கட்டுரை அங்கேயே அகப்பட்டுக்கொள்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து உங்கள் நோக்கத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். ‘கட்டுரை வந்தால் கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம்’ என்று கூறி மொத்தமாக நூறு தளங்களில் இணைப்பு வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிற தளங்களில் பரப்பப்படும் கட்டுரைகளில் தேடற்சொற்களைத் திணித்த இணைப்புகளை வைப்பதைக் கூகுள் வெளிப்படையாகவே ஸ்பேம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. தேடுபொறி இந்த இணைப்பை மதிப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம் என்று அறிவிக்கும் ‘நோஃபாலோ’ குறி 2005 முதலும், பணம் பெற்ற இணைப்புக்கான ‘ஸ்பான்சர்டு’ குறி 2019 முதலும் நடைமுறையில் உள்ளன. ஒழுங்காக நடக்கும் தளங்கள் வெளியார் கட்டுரைகளின் இணைப்புகளுக்கு இத்தகைய குறிகளை இடுவது வழக்கம். எனவே கட்டுரையின் பலனை அதைப் படித்துவிட்டு உங்களைத் தேடி வரும் ஆட்களைக் கொண்டே அளக்க வேண்டும். அப்படி அளந்தால் நூறு தளம் தேவைப்படாது. சரியான இரண்டு மூன்று போதும்.

தளத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு தளத்துக்கு அனுப்புமுன், அங்கே உங்கள் துறைப் பிரிவில் கடைசியாக வெளிவந்த சில கட்டுரைகளைப் படியுங்கள். அவை எப்போது வெளிவந்தன, எவ்வளவு நீளம், எப்படிப்பட்ட தலைப்பு, கட்டுரையாளர் குறிப்பில் எத்தனை இணைப்பு என்பதையெல்லாம் பார்த்தால், எழுதப்பட்ட விதிமுறைகளைவிட அதிகம் விளங்கும். உணவுப் பிரிவில் சூதாட்டத் தளத்துக்கும் உடனடிக் கடனுக்கும் இணைப்பு கொடுக்கும் கட்டுரைகள் தென்பட்டால் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள். அனுப்பிய நிமிடமே தானாக வெளியாகிவிடும் தளத்தில் ஏற்கப்படுவதால் பெருமையும் இல்லை, பயனும் இல்லை; உங்கள் பெயர் நிற்கும் அக்கம்பக்கம் சரியில்லை என்பது மட்டுமே மிச்சம்.

பொதுவான கட்டுரைத் தளங்களைவிட, ஒரு துறைக்கென நடத்தப்படும் தளங்களுக்கே நான் முதலிடம் கொடுப்பேன். மாங்கூழ் ஆலைக்கு உணவுப் பதப்படுத்தும் துறையின் இணைய இதழ், ரோஜா வளர்ப்பவருக்குத் தோட்டக்கலைத் தளம், ஒகேனக்கல்லில் விடுதி நடத்துபவருக்குப் பயணத் தளம் என்று தேடிப் போனால், படிப்பவர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் படிப்பவரில் வாங்குபவர் அதிகமாக இருப்பார்கள். லிங்க்டின், மீடியம் போன்றவற்றில் ஆசிரியரின் அனுமதியின்றியே எழுதி வெளியிடலாம் என்றாலும், அங்கேயும் விளம்பர நெடி அடித்தால் படிப்பவர் நகர்ந்துவிடுவார் என்பதால், இங்கே சொல்லப்படுபவை அவற்றுக்கும் பொருந்தும்.

விதிமுறைப் பக்கத்தை முழுவதும் படியுங்கள். குறைந்தபட்சச் சொல் எண்ணிக்கை, அனுமதிக்கப்படும் இணைப்புகள், கட்டுரை வேறெங்கும் வெளிவராததாக இருக்க வேண்டுமா, வெளியான பின் உரிமை யாருக்கு, பிறர் மறுவெளியீடு செய்யலாமா ஆகிய ஐந்தையும் குறித்துவைத்துக்கொண்ட பிறகே எழுத உட்கார வேண்டும். எழுதி முடித்தபின் விதியைப் படிப்பவர்கள் மொத்தத்தையும் மறுபடி எழுத நேர்கிறது. எந்த மொழியில் ஏற்கிறார்கள் என்பதையும் பாருங்கள்: பெரும்பாலான தளங்கள் ஆங்கிலக் கட்டுரைகளையே ஏற்கின்றன. தமிழை ஏற்கும் தளத்துக்கு அனுப்பும்போது கட்டாயம் யூனிகோடில் தட்டச்சு செய்ய வேண்டும். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய கோப்பை அப்படியே ஒட்டினால், ஆசிரியர் கண்ணுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

எதைப் பற்றி எழுதுவது?

ஏற்பும் நிராகரிப்பும் பாதிக்கு மேல் முடிவாவது இந்த இடத்தில்தான் என்பதால், இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கட்டுரைக்குப் பொருள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. உங்கள் தொலைபேசியிலேயே அது இருக்கிறது. புதிதாகப் பேசும் வாடிக்கையாளர் விலை கேட்பதற்கு முன் என்ன கேட்கிறார் என்று ஒரு வாரம் எழுதி வாருங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை.

மாங்கூழை எடுத்துக்கொள்வோம். சிறிய அளவில் குளிர்பானம் தயாரிக்கத் தொடங்கும் ஒருவர் கிருஷ்ணகிரி ஆலையை அழைத்தால் முதலில் கேட்பது, தோத்தாபுரிக் கூழ் வாங்குவதா, அல்போன்சா கூழ் வாங்குவதா என்பதே. இதற்குப் பதில் சொல்லும் கட்டுரையில் எழுத எவ்வளவோ இருக்கிறது. வணிகத்தில் தோத்தாபுரிக் கூழின் இனிப்பு அளவு குறைந்தது 14 பிரிக்ஸ் (சர்க்கரை விழுக்காட்டைக் காட்டும் அளவு) என்றும், அல்போன்சா கூழுக்குக் குறைந்தது 16 பிரிக்ஸ் என்றும் கேட்பது வழக்கம். அல்போன்சாவில் நிறமும் மணமும் கூடுதல், விலையும் கூடுதல். தோத்தாபுரி மலிவு, மணம் மட்டு. ஆகவே பானம் தயாரிப்பவர்கள் பலர் இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறார்கள். அடுத்து, 3.1 கிலோ டின்னில் வாங்குவதா, டிரம்முக்குள் வைத்த 215 கிலோ அசெப்டிக் (கிருமி நீக்கி அடைத்த) பையில் வாங்குவதா என்ற கேள்வி வரும். அசெப்டிக் பை திறக்கப்படாதவரை உறைநிலைக் கிடங்கு தேவையில்லை, கிலோவுக்கு அடக்கமும் குறையும். ஆனால் திறந்துவிட்டால் விரைந்து பயன்படுத்தியாக வேண்டும் என்பதால் நாளொன்றுக்குச் சில கிலோ மட்டுமே செலவாகும் கடைக்கு டின்தான் பொருந்தும். பருவம் ஏறத்தாழ மே முதல் ஜூலை வரை மட்டுமே என்பதால், ஆண்டு முழுவதற்கும் தேவையான கூழை அந்த மாதங்களிலேயே பேசி முடிப்பது நல்லது என்பதையும் சேர்க்கலாம். இவ்வளவையும் சொல்லும் கட்டுரையில் ஆலையின் பெயர் ஒரு முறைகூட வர வேண்டியதில்லை. படித்து முடிக்கும் குளிர்பானக்காரருக்கு இந்த மனிதருக்குத் தொழில் தெரியும் என்பது புரிந்துவிடும். அவர் கீழே உள்ள இணைப்பைத் தொடுவது அதனால்தான்.

ஒகேனக்கல்லில் விடுதி நடத்துபவர் ‘இயற்கை எழில் கொஞ்சும் ஒகேனக்கல்’ என்று தொடங்கினால் ஆசிரியர் அடுத்த வரிக்குப் போக மாட்டார்; அந்தச் சொற்றொடரை அவர் ஆயிரம் முறை பார்த்திருப்பார். பயணி உண்மையில் அஞ்சுவது, குடும்பத்தோடு வந்து இறங்கியபின் பரிசல் ஓடவில்லை என்று தெரியவருவதை. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளிலிருந்து திறக்கப்படும் நீர் தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. வரத்து மிகும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை விதிக்கிறது. தென்மேற்குப் பருவ மாதங்களில் வர நினைப்பவர், கிளம்புவதற்கு முன் நீர்வரத்துச் செய்தியை எங்கே எப்படிப் பார்ப்பது, தடை வந்தால் அந்தப் பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம் என்று விளக்கும் கட்டுரையைப் பயணத் தளம் விரும்பி ஏற்கும். தன் விடுதிக்கு வர வேண்டாம் என்று சொல்லும் நாட்களையும் சேர்த்து எழுதுகிறவரை வாசகர் நம்புவார் என்பது இதிலுள்ள கூடுதல் ஆதாயம்.

மற்றத் தொழில்களுக்கும் இப்படியே. புளி வியாபாரி, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் புளி ஏன் கறுக்கிறது, குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் ஏன் நிற்கிறது என்று எழுதலாம். ரோஜா வளர்ப்பவர், பறித்த பூவை இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குளிரில் வைப்பதன் காரணத்தையும், கடைக்காரர் தண்டைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளை அகற்றி வைத்தால் பூ கூடுதல் நாள் நிற்கும் என்பதையும் எழுதலாம். பர்கூர் ஜவுளிக்காரர், வீட்டிலிருந்தபடி துணி விற்கத் தொடங்குவோர் மொத்தமாக வாங்கும்போது சாயம் போகிறதா, துவைத்தால் சுருங்குகிறதா என்று ஒரு துண்டை வைத்தே சோதிப்பது எப்படி என்று எழுதலாம். உங்கள் போட்டியாளருக்கும் இது பயன்படுமே என்ற தயக்கம் வருவது உண்டு. போட்டியாளருக்கு இவை ஏற்கனவே தெரியும்; தெரியாதவர் வாங்குபவர் ஒருவரே.

தலைப்பும் தொடக்கமும்

தலைப்பில் கட்டுரை தரப்போவதை அப்படியே சொல்லுங்கள். ‘கிருஷ்ணகிரியின் நம்பர் 1 மாங்கூழ் நிறுவனம்’ என்பது பெயர்ப்பலகை. ‘டின் மாங்கூழா, அசெப்டிக் மாங்கூழா: சிறு குளிர்பான உற்பத்தியாளர் எதை வாங்குவது?’ என்பது கட்டுரைத் தலைப்பு. நம்பர் 1, சிறந்த, மலிவான, அதிசய, நம்பவே முடியாத போன்ற சொற்களும், வரிசையாக ஆச்சரியக்குறிகளும், ஆங்கிலத்தில் எழுதினால் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தாக இருப்பதும் பல தளங்களில் நிராகரிப்புக்குப் போதுமான காரணங்கள். தலைப்பில் கேட்ட கேள்விக்குக் கட்டுரையில் விடை இல்லாவிட்டாலும் திரும்பி வரும்.

தொடக்கப் பத்தி எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு இதோ ஒரு மாதிரி: ‘இன்றைய நவீன உலகில் ஆரோக்கியம் மிக முக்கியமானது. எங்கள் நிறுவனம் பல ஆண்டு அனுபவத்துடன், தரத்தில் எவ்வித சமரசமும் இன்றி, நியாயமான விலையில் சேவை புரிந்து வருகிறது.’ இந்த வரிகளை மாங்கூழுக்கும் போடலாம், மரச்சாமானுக்கும் போடலாம், அதுதான் குறை. அதே கட்டுரையை இப்படித் தொடங்கிப் பாருங்கள்: ‘நாளொன்றுக்கு ஐம்பது லிட்டர் மாம்பழப் பானம் தயாரிக்கும் ஒருவர் 215 கிலோ பையைத் திறந்தால், அது கெடுவதற்குள் தீர்ப்பது கடினம். டின் சற்று விலை கூடினாலும் அவருக்கு வீணாவது குறையும்.’ இரண்டாவது வரியை முடிக்கும்போதே வாசகருக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது.

நடுப்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல பொருள் கிடைத்திருந்தால் அறுநூறு முதல் ஆயிரம் சொல் வரை தானாக வரும். வரவில்லை என்றால் நீட்டாதீர்கள், பொருளை மாற்றுங்கள். ஒரு பத்திக்கு ஒரு செய்தி. தேடற்சொல்லை ஒவ்வொரு பத்தியிலும் நுழைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இயல்பாக வரும் இடத்தில் வந்தால் போதும். விலைப்பட்டியல், சலுகை அறிவிப்பு, வாட்ஸ்அப் எண் ஆகிய மூன்றும் உள்ளே வரக் கூடாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பிழை திருத்தவோ ஆங்கிலத்தைச் சீராக்கவோ பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதன் கையில் பொருளையே விட்டுவிட்டால், உங்கள் ஆலைக்குள் நின்றவர் மட்டுமே எழுதக்கூடிய செய்தி ஒன்றும் அதில் இருக்காது, ஆசிரியரும் அதை உடனே கண்டுகொள்வார்.

ஏற்கனவே உங்கள் இணையதளத்தில் உள்ள கட்டுரையை அப்படியே நகலெடுத்து அனுப்புவதும் அடிக்கடி நடக்கிறது. தளங்கள் நகல் கண்டுபிடிக்கும் கருவிகளை வைத்திருக்கின்றன. உங்கள் எழுத்தே ஆனாலும் கருவிக்கு அது நகல்தான். சொந்தத் தளத்தில் உள்ளதை அங்கேயே விட்டுவிட்டு, அதே பொருளின் வேறொரு பக்கத்தைப் புதிதாக எழுதி அனுப்புங்கள்.

உரிமைகோரல்களும் சட்டமும்

இந்தப் பகுதி உணவுப் பொருள் விற்பவருக்கு மிக முக்கியம். கேழ்வரகு மாவைப் பற்றி எழுதும்போது, ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரப்படுத்துவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. மருந்து என்ற தோரணையில் விற்றால் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் குறுக்கே வரும். நீரிழிவு அதன் பட்டியலில் உள்ள நோய்களில் ஒன்று. பொய்யான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. கட்டுரை என்ற பெயரில் வந்தாலும் விற்பனைக்காக எழுதியது விளம்பரமே. ‘100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது’ என்பது சரிபார்க்கக்கூடிய செய்தி, அதை எழுதலாம். அதிலிருந்து மூட்டுவலி தீரும் என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம். மருத்துவ உரிமைகோரல் கண்ணில் பட்டால் மீதியைப் படிக்காமலே நிராகரிக்கும் ஆசிரியர்கள் உண்டு, அது அவர்களுக்கான தற்காப்பு.

நீங்கள் உங்கள் பொருளை எழுதுவது ஒன்று. பணம் கொடுத்து வேறொருவரைப் பாராட்டி எழுத வைப்பது வேறு. பின்னதில், அந்தப் பொருளாதாரத் தொடர்பைத் தெரிவித்தாக வேண்டும் என்று தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான 2022-ஆம் ஆண்டின் நெறிமுறைகள் கூறுகின்றன. மூன்றாம் ஆள் போலப் பெயர் வைத்துக்கொண்டு சொந்தப் பொருளை மெச்சி எழுதுவது ஏமாற்று வேலை. பிடிபட்டால் அந்தக் கட்டுரையோடு கணக்கும் போகும்.

படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். கூகுள் படத் தேடலில் கிடைத்த மாம்பழப் படத்தை உரியவர் அனுமதியின்றி எடுத்துப் போடுவது பதிப்புரிமை மீறல். உங்கள் ஆலையில் காய் கழுவும் இடத்தையோ, தோட்டத்தையோ கைபேசியில் பகல் வெளிச்சத்தில் நீங்களே எடுத்த படம், பளபளப்பு குறைவாக இருந்தாலும், இந்த ஆள் உண்மையில் அங்கே இருக்கிறார் என்பதற்குச் சான்றாக நிற்கும். படத்தின் மேல் தொலைபேசி எண்ணை அச்சடிக்காதீர்கள்.

கட்டுரையாளர் குறிப்பு

கட்டுரை முழுவதும் அடக்கி வைத்திருந்த விளம்பரத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் இதுவே. இங்கே உங்களைப் பற்றிப் பேசலாம். அதற்காக அளவு மீற வேண்டாம். மூன்று வாக்கியம் போதும்: யார், எங்கிருந்து, இந்தக் கட்டுரையைப் படித்தவருக்கு அடுத்து என்ன கிடைக்கும். மாதிரிக்கு ஒன்று: ‘இக்கட்டுரையாளர் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்தி வருகிறார். சிறு உற்பத்தியாளர்களுக்குத் தோத்தாபுரி, அல்போன்சா கூழ்களைச் சோதித்துப் பார்க்க மாதிரி டின்கள் அனுப்பப்படுகின்றன. எவ்வளவு கூழுக்கு எவ்வளவு பானம் கிடைக்கும் என்ற கணக்கு அட்டவணை அவருடைய இணையதளத்தில் உள்ளது.’ இதன் கீழ் ஒரே ஒரு இணைப்பு. அந்த இணைப்பு முகப்புப் பக்கத்துக்குப் போகாமல், நீங்கள் சொன்ன அட்டவணை இருக்கும் பக்கத்துக்கே நேராகப் போக வேண்டும். இல்லாத அட்டவணையை இருப்பதாக எழுதினால் ஆசிரியரே சொடுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். இணைப்புச் சொல்லாக ‘மலிவு விலை மாங்கூழ் கிருஷ்ணகிரி’ என்று எழுதாமல், நிறுவனத்தின் பெயரையோ முகவரியையோ எழுதுங்கள். எழுதியவர் பெயர் உண்மையான ஒரு மனிதரின் பெயராக இருக்கட்டும். ‘அட்மின்’, ‘மார்க்கெட்டிங் டீம்’ என்ற பெயர்களுக்கு மதிப்பில்லை.

அனுப்புவதும் அதன் பிறகும்

கணக்கைத் தொடங்கும்போது முடிந்தால் உங்கள் இணையதளப் பெயரிலேயே அமைந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்: மாங்கூழ்க் கட்டுரையைப் பொதுவான ‘வணிகம்’ பிரிவில் போடுவதைவிட உணவுத் தொழில் பிரிவில் போடுவது நல்லது. சுருக்கம் கேட்டால் முதல் பத்தியை நகலெடுக்காமல், கட்டுரையில் கிடைக்கும் விடையை இரண்டு வரியில் எழுதுங்கள். புதுக் கணக்கிலிருந்து ஒரே நாளில் ஐந்து கட்டுரை அனுப்பினால் ஐந்தையும் ஐயத்தோடு பார்ப்பார்கள். முதலில் ஒன்றை அனுப்பி, அது வெளிவந்தபின் அடுத்ததை அனுப்புங்கள். முடிவு வருவதற்குமுன் அதே கட்டுரையை இன்னொரு தளத்துக்கு அனுப்புவது தவறு. இரண்டிலும் வெளிவந்தால் இரண்டிலும் பெயர் கெடும்.

பருவத்தை ஒட்டிய கட்டுரைகளுக்கு முன்கூட்டியே திட்டமிடுங்கள். ஆசிரியர் குழு பார்க்க வாரக்கணக்கில் ஆகலாம், திருத்தி மறுபடி அனுப்ப நேர்ந்தால் மேலும் நாளாகும். மே மாதம் கூழ் பேச வருபவர் படிக்க வேண்டிய கட்டுரை மார்ச் மாதத்திலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். காதலர் தினத்துக்கு ரோஜா அனுப்புபவர் டிசம்பரில் எழுத வேண்டும்.

நிராகரிப்பு வந்தால் காரணத்தை இரண்டு முறை படியுங்கள். ‘விளம்பரத் தன்மை அதிகம்’ என்றால் முதலில் சொன்ன அடித்துப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள். ‘தனித்தன்மை இல்லை’ என்றால் பெரும்பாலும் நகல் கருவி எங்கோ பொருத்தம் கண்டிருக்கிறது. எந்தப் பத்தி என்று தேடி அதைப் புதிதாக எழுதுங்கள். ‘மொழித்தரம்’ என்றால் ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரிடம், உள்ளூர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடமாவது, காட்டித் திருத்திக்கொள்ளலாம். அதற்கு ஒரு சிறு தொகை கொடுப்பது, நூறு இணைப்பு வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் கொடுப்பதைவிடப் பயனுள்ள செலவு. காரணமே சொல்லாமல் நிராகரித்திருந்தால் ஒரு முறை மரியாதையாகக் கேட்கலாம். பதில் இல்லையென்றால் கட்டுரையை எடுத்துக்கொண்டு வேறு தளத்துக்குப் போங்கள். வேறு மின்னஞ்சலில் இரண்டாவது கணக்குத் தொடங்கி அதே கட்டுரையை மறுபடி நுழைப்பது மட்டும் வேண்டாம்.

வெளிவந்த பிறகு, அழைத்துப் பேசும் புதியவர்களிடம் ‘எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்; இணையதள வருகைக் கணக்கில் எந்தத் தளத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்றும் பார்க்கலாம். மூன்று மாதத்தில் ஒருவரும் வராத தளத்துக்கு அடுத்த கட்டுரையை அனுப்ப வேண்டாம். கட்டுரையில் நீங்கள் சொன்ன விதி, அளவு போன்றவை பின்னர் மாறினால் அதைத் திருத்த அனுமதி கேளுங்கள். கட்டுரைத் தளங்கள் முன்னறிவிப்பின்றி மூடப்படுவது உண்டு என்பதால், வெளிவந்த ஒவ்வொரு கட்டுரையின் மூலக் கோப்பையும், வெளியான பக்கத்தின் பிடிஎஃப் நகலையும், அனுப்பிய தேதியையும், ஏற்கும்போது ஒப்புக்கொண்ட உரிமை விதிகளின் நகலையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். தளம் மறைந்தபின் அந்தக் கட்டுரையை உங்கள் சொந்த இணையதளத்தில் வெளியிடலாமா என்று முடிவு செய்ய அந்த உரிமை விதிகளின் நகல்தான் உதவும்.